கொரோனாப் பெருந்தொற்றும் திருவண்ணாமலையும்

திருவண்ணாமலையின் பிழைப்பு பௌர்ணமியை நம்பியது. மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பூ, கற்பூரம், இளநீர், சுக்குக் காப்பி விற்பவர் முதல் ஆட்டோ ஓட்டுநர், விடுதிக்காரர் வரை பலருக்கும் மாத வருமானத்தின் பெரும்பங்கு அந்த ஓரிரு இரவுகளில்தான் கிடைக்கும். 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவும், மறுநாள் நாடெங்கும் ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தபோது அது நின்றுபோனது. கடைகள் படிப்படியாகத் திறந்தன. செப்டம்பர் 1 முதல் கோயில்களும் திறந்தன. கிரிவலத் தடை மட்டும் மாதந்தோறும் நீட்டிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டித்தான் விலகியது. ஆகவே இவ்வூரில் கொரோனாவின் பொருளாதாரக் காலத்தை ஊரடங்கு நாட்களைக் கொண்டு அளக்க முடியாது. அது முழுதாக இரண்டு ஆண்டு. தடை நியாயமானது. அதன் விலையை யார் தலையில் கட்டினோம் என்பதில்தான் அநியாயம் நடந்தது.

திருவிழாக் கூட்டத்தை நோயின் பெயரால் அரசு கட்டுப்படுத்துவது புதிதல்ல. 1867இல் ஹரித்துவார் கும்பமேளாவிலிருந்து ஊர் திரும்பியவர்களோடு காலரா வட இந்தியா முழுக்கப் பரவியது. பம்பாய்ப் பிளேக்கை அடுத்து 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கியது. பெருங்கூட்டம் கூடும் தலங்களுக்கு நோய்க்காலத்தில் தனி விதி வேண்டும் என்பது நூறாண்டுக்கும் மேலான பட்டறிவு.

2020 நவம்பர் 29 அன்று கார்த்திகை மகாதீபம் மலையுச்சியில் ஏற்றப்பட்டது. பக்தர்களுக்கு மலையேறவோ வலம் வரவோ அனுமதியில்லை. மாடவீதிகளில் தேர் ஓடவில்லை. உற்சவங்கள் கோயில் வளாகத்துக்குள்ளேயே நடந்தன. மறு ஆண்டு விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 20,000 பேர் வரை வலம் வர வழி பிறந்தது. தடையை எதிர்த்தவர்களின் வலுவான கேள்வி அரசியல் சார்ந்தது: 2021 மார்ச் 28 பங்குனிப் பௌர்ணமியன்று வலம் வரக் கூடாது என்ற அதே நாட்களில், ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்காக மாநிலமெங்கும் பிரசாரக் கூட்டங்கள் கூடவில்லையா? கூடின. இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் சொல்லக் கூடாது. அது அப்பட்டமான பாரபட்சம். ஆனால் அது பிரசாரக் கூட்டங்களுக்கும் தடை விதித்திருக்க வேண்டும் என்பதற்கே சான்று, கிரிவலத்தைத் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு அல்ல. அந்த ஏப்ரலில் ஹரித்துவாரில் கும்பமேளா நடந்தது. சில நாள் பரிசோதனையிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. இரவெல்லாம் தோளோடு தோள் உரச நடக்கும் கிரிவலம் வேறுவிதமாக முடிந்திருக்கும் என்று நம்பக் காரணமில்லை.

நிவாரணமே வரவில்லை என்று சொல்வதும் தவறு. அரிசி அட்டைதாரர்களுக்கு 2020இல் 1,000 ரூபாயும், 2021இல் இரு தவணைகளில் 4,000 ரூபாயும் கிடைத்தன. மாதச் சம்பளமின்றிப் பணிபுரிந்த அர்ச்சகர்கள், பட்டாச்சாரியார்கள் முதலிய கோயில் பணியாளர்களுக்கு 2021 ஜூனில் 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் மளிகைப் பொருட்களும் தரப்பட்டன. தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசு 10,000 ரூபாய்க் கடன் திட்டம் அறிவித்தது. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பட்டியலில் பெயர் இருப்பவரையே சென்றடையும். பௌர்ணமிக்கு மட்டும் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூடை தூக்கி வருபவர் எந்த நகரின் வியாபாரி? குடும்ப அட்டையே இல்லாமல், பக்தர்கள் தரும் அன்னதானத்தை நம்பி கிரிவலப் பாதையோரம் வாழும் சாதுக்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? பட்டியலில் இருந்தவருக்கும் 4,000 ரூபாய் இரண்டாண்டு இழப்புக்கு ஈடாகாது. கடனோ, வருமானமில்லாத தெருவில் இன்னொரு சுமை.

அரசிடம் பணமில்லை, எல்லாரும்தான் இழந்தார்கள் என்பது அடுத்த மறுப்பு. எல்லாரும் இழந்தார்கள், உண்மை. ஆனால் மற்ற தொழில்கள் திறந்த பின்னும் பிறரின் பாதுகாப்புக்காக நேரடி உத்தரவால் வருமானத்தை விட்டுக்கொடுத்தவர்கள் இவர்கள். நாடு தழுவிய ஊரடங்குக்கு அடிப்படையான 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவுகோல்களைச் சொல்லும் 12ஆம் பிரிவில் உயிரிழப்புக்கான கருணைத்தொகையையும் வாழ்வாதார மீட்புக்கான உதவியையும் ஒரே மூச்சில் குறிப்பிடுகிறது. அந்தப் பிரிவைச் சுட்டி உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று தீர்ப்பளித்த பிறகே, கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. அதே வாக்கியத்தின் மறுபாதியைக் காட்டி, கிரிவலப் பாதைக் கூடைக்காரர்களுக்கும் ஒரு தொகையைக் கேட்டிருக்கலாம்.