கடலடியிலிருந்து வந்த எதிரொலி: வாயு ஐதரேற்று ஆராய்ச்சியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

சான்று கிடைப்பது ஒன்று; அச்சான்று எதனைச் சொல்கின்றது என அறிவது மற்றொன்று. வரலாறு பயில்வோர் இவ்வேறுபாட்டைச் சாசனங்களினூடாகவும் நாணயங்களினூடாகவும் கற்கின்றனர். ஆயின் விஞ்ஞானத்தின் வரலாற்றிலும் இப்பிரச்சினை எழுவதுண்டு. ஆழ்கடலின் அடித்தளத்துக்குக் கீழே பனிக்கட்டி போன்று உறைந்து கிடக்கும் வாயுவை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். கண்ணாற் காணுமுன்னரே அப்பொருள் தாளில் ஒரு கோடாகத் தோன்றிவிட்டது. அக்கோட்டினைச் சரிவர வாசிப்பதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன. அவ்வாசிப்பின் கதையைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுகூடத்திலிருந்து குழாய்ப்பாதைக்கு

வாயு ஐதரேற்று என்பது நீர் மூலக்கூறுகள் கூண்டு போல அமைந்து, அக்கூண்டினுள் வாயு மூலக்கூறுகளை அடைத்து வைத்திருக்கும் ஒரு திண்மப் பொருள். 1810 இல் இங்கிலாந்தின் ஹம்பிறி டேவி என்பார், திண்மக் குளோரீன் எனக் கருதப்பட்ட பளிங்குகளில் நீரும் கலந்திருப்பதை எடுத்துக்காட்டினார். 1823 இல் மைக்கல் பரடே அதன் சேர்க்கையை அளந்தார். 1888 இல் பிரான்சின் வில்லார் மெதேன் ஐதரேற்றினை ஆக்கிக் காட்டினார். எனினும் நூறாண்டுகளுக்கு மேலாக இஃது ஆய்வுகூடத்து வியப்பாகவே இருந்து வந்தது.

1934 இல் இந்நிலை மாறியது. அமெரிக்காவில் இயற்கை வாயுவைக் கொண்டு சென்ற குழாய்கள், நீர் உறையும் வெப்பநிலைக்கு மேற்பட்ட நிலையிலும் அடைபட்டன. அவற்றை அடைத்தது பனிக்கட்டியன்று, ஐதரேற்றே என ஹாமர்சிமிட் நிறுவினார். தாழ்ந்த வெப்பநிலையும் உயர்ந்த அமுக்கமும் ஒருங்கே அமையுமிடத்து இப்பொருள் தோன்றும் என்பது இதனாற் பொறியியலாளருக்குத் தெளிவாயிற்று. அவ்விரு நிபந்தனைகளும் ஆழ்கடலின் அடித்தளத்தில் இயல்பாகவே நிறைவுறுகின்றன. ஆயினும் அங்கு இதனைத் தேடிச் சென்றவர் எவருமிலர். வேறொன்றைத் தேடிச் சென்றவரே இதனை எதிர்கொண்டனர்.

தாளில் தோன்றிய கோடு

1935 இல் மொறிஸ் யூயிங் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர், கடலில் வெடிமருந்தை வெடிக்கச் செய்து, அதிர்வலைகளின் துணைகொண்டு கண்டமேடையின் அடிப்படைகளை ஆராயத் தொடங்கினார். பின்னர் வெடிமருந்தின் இடத்தை அமுக்கிய காற்றைத் திடீரென வெளிவிடும் கருவி பெற்றுக்கொண்டது. இம்முறையின் அடிப்படை எளிது. கப்பலிலிருந்து எழும் ஒலி, கடற்றளத்திலும் அதன் கீழுள்ள அடையற் படைகளின் எல்லைகளிலும் பட்டுத் தெறிக்கின்றது. கப்பலின் பின்னே இழுத்துச் செல்லப்படும் ஒலிவாங்கிகள் அவ்வெதிரொலிகளைப் பெறுகின்றன. ஒவ்வோர் எதிரொலியும் வந்து சேர எடுத்த நேரம் ஆழமாக மாற்றப்படுகின்றது.

1960 களில் யூயிங்கின் லமொன்ற் ஆய்வு நிலையத்தினர், அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளேக் மேட்டினை இவ்வாறு ஆராய்ந்தபோது புதுமையான ஒரு தெறிப்பைக் கண்டனர். ஏறத்தாழ 0.6 செக்கன் ஆழத்தில் அமைந்த அக்கோடு கடற்றளத்தின் ஏற்ற இறக்கங்களை அப்படியே பின்பற்றிச் சென்றது. அடையற் படைகள் சரிந்து கிடந்த இடங்களில் அது அப்படைகளை ஊடறுத்துச் சென்றது. படைகளின் எல்லையே தெறிப்பைத் தரும் என்ற விதிக்கு இது முரணாகும். மார்க்கிள், பிறையன், யூயிங் ஆகியோர் 1970 இல் இதனை வெளியிட்டனர்.

அதே ஆண்டில் கிளோமர் சலெஞ்சர் என்னும் துளையிடுங் கப்பல் அங்கு சென்றது. மேலே கொண்டுவரப்பட்ட சேற்றிலிருந்து பெருமளவு வாயு வெளியேறியது. எனினும் ஐதரேற்றுப் பளிங்கு எதுவும் கண்ணிற் படவில்லை. 1971 இல் ஸ்ரோல், யூயிங், பிறையன் ஆகியோர் ஐதரேற்றுக் கொண்ட அடையலில் அலைவேகம் மிகுவதை ஆய்வுகூடத்தில் அளந்து, அக்கோடு ஐதரேற்றோடு தொடர்புடையது என வாதிட்டனர். கீழே செல்லச் செல்லப் புவியின் வெப்பம் உயர்கின்றது. ஓர் ஆழத்துக்கு அப்பால் ஐதரேற்று நிலைத்திருக்க இயலாது. அவ்வெல்லை வெப்பநிலையாலும் அமுக்கத்தாலும் வரையறுக்கப்படுவதால், அது படைகளைப் பொருட்படுத்தாது கடற்றளத்தைப் பின்பற்றுகின்றது. முரணாகத் தோன்றிய இயல்பே இங்கு விளக்கத்தின் திறவுகோலாயிற்று.

1979 இல் சிப்லியும் உடனாய்வாளரும் இத்தகைய கோடுகளைப் பல கண்டச் சாய்வுகளிற் காட்டினர். கடற்றளத் தெறிப்பின் அலைவடிவத்துக்கு எதிரான வடிவம் அக்கோட்டிற் காணப்பட்டது. மேலிருப்பதை விடக் கீழிருப்பதில் ஒலி மெதுவாகச் செல்கின்றது என்பதே இதன் பொருள்.

கோடு சொன்னதும் சொல்லாததும்

இதன் பின்னர் அக்கோடு ஐதரேற்றின் முத்திரையாகவே கொள்ளப்பட்டது. கோடு உள்ள இடமெல்லாம் வளம் உண்டு, இல்லாத இடத்தில் வளமில்லை என எண்ணும் போக்கும் எழுந்தது. ஆயின் 1982 இல் குவாத்தமாலாவுக்கு அப்பால், கிளோமர் சலெஞ்சர் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமான ஐதரேற்றுத் துண்டொன்றை மேலே கொண்டுவந்தது. அவ்விடத்து அதிர்வலைப் பதிவில் அத்தகைய கோடு காணப்படவில்லை.

ஐயத்தைத் தீர்க்கும் வாய்ப்பு 1995 இலேயே கிட்டியது. அதுவரை, அடியிலுள்ள வாயு வெடித்தெழலாம் என்ற அச்சத்தால் அக்கோட்டினை ஊடறுத்துத் துளையிடுதல் பெரிதும் தவிர்க்கப்பட்டிருந்தது. அவ்வாண்டில் ஜொய்டிஸ் றெசொலூஷன் கப்பல் பிளேக் மேட்டிற் கோடு தெளிவாயுள்ள இடங்களிலும், தெளிவாயில்லாத ஓரிடத்திலும் துளையிட்டது. ஈரிடங்களிலும் ஐதரேற்று இருந்தது. துளையினுள் ஒலிவாங்கியை இறக்கி அலைவேகத்தை நேரே அளந்தபோது, அக்கோட்டின் கீழ் வாயு சுயாதீனமாகத் தங்கியிருப்பது உறுதியாயிற்று. கோட்டினை உண்டாக்கியது பெரும்பாலும் மேலிருந்த ஐதரேற்றன்று, கீழிருந்த வாயுவே! அஃது ஓர் எல்லையைச் சுட்டுகின்றதேயன்றி, அவ்வெல்லைக்கு மேல் எவ்வளவு உண்டு எனக் கூறுவதில்லை.

இத்திருத்தத்தின் முக்கியத்துவம் சிறிதன்று. 1988 இல் குவென்வோல்டன் உலகின் ஐதரேற்றுகளில் ஏறத்தாழ 10,000 கிகாதொன் காபன் உண்டெனக் கணித்தார். 2004 இல் மில்கோவ் அதனை 500 முதல் 2,500 கிகாதொன் வரையென மதிப்பிட்டார். எரிபொருள் பற்றிய நாடுகளின் எதிர்பார்ப்பு இத்தகைய இலக்கங்களில் தங்கியுள்ளது. 2006 இல் எமது அயலிலுள்ள வங்காள விரிகுடாவின் கிருஷ்ணா – கோதாவரி வடிநிலத்தில் ஏறத்தாழ 130 மீற்றர் தடிப்பான ஐதரேற்றுப் பகுதி துளையிடப்பட்டது. 2013 இல் ஜப்பான் நங்கை அகழியருகே முதன்முதலாகக் கடலடி ஐதரேற்றிலிருந்து வாயு பெற்றது; எனினும் ஆறு நாட்களில் மணல் புகுந்தமையால் முயற்சி தடைப்பட்டது.

கசியும் வாயு

வாயு கடற்றளத்தைத் துளைத்து வெளியேறுவதும் ஒலியாலேயே அறியப்பட்டது. 1970 இல் கிங், மக்லீன் ஆகியோர் கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரைக்கப்பாற் கடற்றளத்திலுள்ள குழிகளை விவரித்தனர். குமிழிகள் ஒலியை வலுவாகத் தெறிக்கச் செய்வதால், நீரினுள் எழும் வாயுத் தாரைகள் எதிரொலிமானிகளிற் சுடர்கள் போலத் தோன்றும். 2008 இல் ஸ்பிற்ஸ்பேர்கனுக்கு மேற்கே இத்தகைய தாரைகள் 250 க்கு மேல் காணப்பட்டன. கடல் வெப்பமடைவதால் ஐதரேற்று உருகுகின்றதோ என்ற கவலை அப்போது எழுந்தது. ஆயின் 2014 இல் வெளிவந்த ஆய்வு, அங்குள்ள காபனேற்றுப் படிவுகளை ஆராய்ந்து, கசிவு குறைந்தது 3,000 ஆண்டுகளாகவேனும் நிகழ்ந்து வருவதைக் காட்டியது. புதிதாகக் காணப்பட்டதெல்லாம் புதிதாகத் தோன்றியதன்று என்பது இதனாற் புலனாகும்.

முடிவாக, இவ்வரலாறு கருவிகளின் வளர்ச்சியை மட்டும் கூறுவதன்று. சான்றினை அளவுக்கு மீறிப் பேசச் செய்தலும், சான்று மௌனமாயிருப்பதை இன்மையெனக் கொள்ளலும் ஆராய்ச்சிக்கு நேரும் இருபெரும் வழுக்களாகும். பிளேக் மேட்டின் கோட்டினை வாசித்தோர் இவ்விரு வழுக்களிலும் ஓரளவு வீழ்ந்து, துளையிட்டுச் சோதித்துத் தம்மைத் திருத்திக்கொண்டனர். சாசனத்தையும் ஏட்டையும் வாசிக்கும் நாமும், எம்மைத் திருத்தக்கூடிய துளையினை எங்கே இடுவது என எண்ணிப் பார்த்தல் தகும்.