பதினான்கு வயதோடு மெலியும் ‘இலவசம்’: மறைமலை நகர் தொழில் வழித்தடத்தில் அரசுப் பள்ளிக் கல்வியின் செலவுகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. ஆயினும் கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் ஒன்றல்ல. ஒன்பதாம் வகுப்பில் காலடி வைக்கும் தலித் மாணவருக்குச் சட்டப் பாதுகாப்பும் அரசின் உதவிகளும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. செலவுகளோ அதே வகுப்பிலிருந்துதான் கூடுகின்றன. எது உரிமை, எது அரசாணையால் மட்டும் கிடைப்பது, எதை எவரும் வசூலிக்கக் கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

இடமும் பின்னணியும்

செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலை நகர், சென்னைக்கான துணை நகரமாகத் திட்டமிடப்பட்டது. அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் வரை கார், கனரக வாகன, மின்னணு ஆலைகள் நிறைந்துள்ளன. மாநிலத்தின் தொழில் வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் பகுதி இது.

இதே செங்கல்பட்டின் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கைதான், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமற்ற நிலையை அரசின் முன் வைத்து, 1892-இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. அந்நிலங்களை மீட்கக் கோரி 1994-இல் நடந்த காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். நிலம் கைவிட்டுப் போன குடும்பங்களுக்கு மிஞ்சுவது கூலியே. ஒப்பந்தத் தொழிலாளரின் கூலி, ஆலையின் கதவு மூடினால் மறுநாளே நிற்கும். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-இல் கார் உற்பத்தி நின்றது. திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-இலேயே மூடப்பட்டது. இத்தகைய வருவாயை நம்பி வாழும் வீட்டில், பள்ளி திறக்கும் ஜூன் மாதச் செலவு சிறு தொகையாக இருந்தாலும் பெருஞ்சுமையாகிறது.

சட்டம் தருவது எதுவரை?

அரசமைப்புச் சட்டத்தின் 21-அ பிரிவும், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வியை உறுதி செய்கின்றன. இச்சட்டத்தின் 3(2) பிரிவை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். அது கட்டணத்தை மட்டும் தடை செய்யவில்லை. தொடக்கக் கல்வியைத் தொடரவும் முடிக்கவும் தடையாகக்கூடிய எந்தச் செலவையும் குழந்தை ஏற்க வேண்டியதில்லை என்கிறது. அதாவது, செலவும் கல்வியை மறுக்கும் கருவியே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் அந்த அறிவு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்பு முதல் கிடைக்கும் சலுகைகள் பெரும்பாலும் அரசாணைகளைச் சார்ந்தவை. அரசாணையை அடுத்த அரசாணை மாற்றலாம். அடிப்படை உரிமையை அவ்வாறு மாற்ற இயலாது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 14 முதல் 18 வயது வரையிலானோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதை மட்டுமே தடுக்கிறது. மற்ற வேலைகளுக்கு வழிவிடுகிறது. இலவசக் கல்வியின் உத்தரவாதம் முடியும் வயதும், கூலி வேலைக்குச் சட்டம் இடம் தரும் வயதும் ஒன்றாக இருக்கின்றன. தொழிற்பேட்டைக்கு நடுவே வாழும் குடும்பத்துக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. பட்டறையும் கிடங்கும் உணவகமும் தெருமுனையிலேயே உள்ளன.

எந்த உதவி எங்கே நிற்கிறது?

2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை. சத்துணவு பெறும் மாணவர்க்கு ஆண்டுக்கு 4 இணைச் சீருடைகள் எட்டாம் வகுப்பு வரை. 1982-இல் தொடங்கி 1984-இல் பத்தாம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட்ட மதிய உணவு அத்தோடு முடிகிறது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் வீட்டிலிருந்து உணவு கொண்டுவர வேண்டும். விடியற்காலைப் பணிமுறைக்குப் பெற்றோர் கிளம்பிவிடும் வீடுகளில் அது கடையில் வாங்கும் உணவாகவோ பசியாகவோ முடிகிறது. பாடநூல்களும் பேருந்துப் பயண அட்டையும் பன்னிரண்டாம் வகுப்பு வரை உண்டு. பதினோராம் வகுப்பில் மிதிவண்டி கிடைக்கிறது.

கணக்கில் வராத செலவுகள்

ஒன்பதாம் வகுப்பு முதல் சீருடைத் துணியும் தையற்கூலியும் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. வரைபடத் தாள், ரெக்கார்டு நோட்டு, செயல்திட்டத்துக்கான சார்ட், நகல் எடுக்கும் செலவு, துணைநூல்கள் ஆகியவை தொடர்கின்றன. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வரும்போது கைப்பேசி ரீசார்ஜும் கல்விச் செலவாகிறது. பொதுத்தேர்வு வகுப்புகளின் மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து வருவதற்குள் பேருந்து போய்விட்டால், கனரக வாகனங்கள் விரையும் சாலையில் ஷேர் ஆட்டோவே துணை. இவற்றோடு டியூஷன். ஆசிரியர் எவரும் தனிப் பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு.

பொதுத்தேர்வுக் கட்டணம் தனி. பத்தாம் வகுப்புக்கு ரூ.115, பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு இருந்தால் ரூ.225, இல்லையெனில் ரூ.175 என்பது அண்மை ஆண்டுகளின் அளவு. பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடி மாணவர்க்கும் தமிழ்வழியில் பயில்வோர்க்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு உள்ளவரிடம் பணம் கேட்கப்பட்டால் எழுத்து மூலம் மறுக்கலாம்.

உதவித்தொகையும் சான்றிதழ்களும்

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்க்கு, குடும்ப ஆண்டு வருவாய் ரூ.2.5 இலட்சத்துக்கு மிகாவிடில், மத்திய அரசின் உதவித்தொகை உண்டு: வீட்டிலிருந்து வருவோர்க்கு ஆண்டுக்கு ரூ.3,500, விடுதியில் தங்குவோர்க்கு ரூ.7,000. தூய்மைப் பணி போன்ற தொழில்களில் ஈடுபட்டோரின் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலிருந்தே, வருவாய் வரம்பின்றி, தனி உதவி உள்ளது. பதினோராம் வகுப்பு முதல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்குகிறது. அதன் தொடக்கம் 1944. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அண்ணல் அம்பேத்கர் இருந்த காலம்.

ரூ.3,500-ஐப் பத்து மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் ரூ.350. அதைப் பெறச் சாதிச் சான்றும், வருவாய்ச் சான்றும், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் வேண்டும். இ-சேவை மையத்தில் ஒவ்வொரு சான்றுக்கும் ரூ.60 கட்டணம், அலுவலகங்களுக்கு அலையும் நாள்களின் கூலியிழப்பு அதைவிடப் பெரிது. பெரும்பாலும் அத்தொகை வருவது செலவெல்லாம் முடிந்த பிறகே.

இரு பிரிவினர் இங்கும் விடுபடுகின்றனர். பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்து இவ்வழித்தடத்தில் உழைக்கும் தலித் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. பட்டியல் நிலை மாநில எல்லைக்கு உட்பட்டது என 1990-இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் 1950 குடியரசுத் தலைவர் ஆணையால் மத்தியத் திட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர். அவர்கள் மாநில அரசின் உதவிகளையே நம்ப வேண்டியுள்ளது.

வசூலுக்கு எதிராகச் செய்யக்கூடியவை

பெற்றோர் ஆசிரியர் கழக நிதி, ஆண்டு விழா, வண்ணப்பூச்சு என்ற பெயர்களில் கேட்கப்படும் நன்கொடை கட்டாயமாக்கப்படலாகாது. எட்டாம் வகுப்பு வரை, சேர்க்கையின்போது அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு அப்பால் பெறப்படும் எந்த நன்கொடையும் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி தண்டனைக்குரியது. பெற்ற தொகையின் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

பணம் கொடுக்க நேர்ந்தால் இரசீது கேளுங்கள். இரசீது மறுக்கப்பட்டால் நாள், தொகை, கேட்டவரின் பொறுப்பு ஆகியவற்றைக் குறித்து மாவட்டக் கல்வி அலுவலருக்குப் பதிவஞ்சலில் புகார் அனுப்புங்கள். மறைமலை நகர் செங்கல்பட்டு மாவட்டத்திலும், ஒரகடமும் திருப்பெரும்புதூரும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் உள்ளன. புகார் உரிய மாவட்டத்துக்குச் செல்ல வேண்டும். கல்வித்துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக்கு வந்த நிதியும் அதன் செலவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தில் கேட்கத்தக்கவை. 30 நாள்களில் பதில் தர வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பெற்றோர்க்கு விகிதாச்சார இடம் உண்டு. சேரிப் பெற்றோர் அக்குழுவில் பெயரளவில் மட்டும் இருக்கிறார்களா, வரவு செலவைப் பார்க்கிறார்களா என்பதை மாணவர் அமைப்புகள் கண்காணிக்கலாம்.

வேலையிழந்த பெற்றோர் தனியார் பள்ளியிலிருந்து பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றும்போது, கட்டணப் பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழ் மறுக்கப்படுவதுண்டு. மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவியன்று என 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியுள்ளது. அத்தீர்ப்பின் நகலோடு பள்ளிக்குச் செல்லுங்கள்.

நாம் கோர வேண்டியது

இடைநிலைக் கல்வியைப் படிப்படியாக இலவசமாக்க உறுதியளிக்கும் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 1979-இல் ஏற்றது. இலங்கையோ 1945-லேயே பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வியை அறிவித்தது. கல்வி உரிமையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்க 2019 தேசியக் கல்விக் கொள்கை வரைவு பரிந்துரைத்தது. 2020-இன் இறுதிக் கொள்கையில் அது இடம்பெறவில்லை.

சட்டத் திருத்தம் தில்லியின் கையில் இருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை மதிய உணவு, ஒன்பதாம் வகுப்புக்கு மேலும் சீருடை, ஜூன் மாதத்திலேயே உதவித்தொகை, புலம்பெயர்ந்த தலித் பிள்ளைகளுக்கும் தேர்வுக் கட்டண விலக்கு ஆகிய நான்கையும் தமிழ்நாடு அரசே ஆணையிட இயலும். 14 வயதில் பள்ளியிலிருந்து நழுவும் பிள்ளையை இப்பகுதியின் ஆலைகள் பின்னர் பயிற்சியாளராகக்கூடச் சேர்ப்பதில்லை. அதற்கே பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கேட்கின்றன. அந்தப் பட்டியலைக் கையில் பெறும் வரையிலான நான்காண்டுச் செலவை யார் ஏற்பது என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.