புரோஜெஸ்டிரோனும் தொடக்கக் கர்ப்பமும்

புரோஜெஸ்டிரோன், கரு தங்குவதற்கேற்பக் கருப்பையைப் பக்குவப்படுத்தி, தங்கிய கரு கலையாமல் காக்கும் ஹார்மோன். சினைமுட்டை வெளியேறியபின் சூலகத்தில் எஞ்சும் நுண்பை, மஞ்சள் உடலமாக மாறி இதைச் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் ஏறத்தாழ 14 நாளில் மஞ்சள் உடலம் சுருங்கி, மாதவிலக்கு வரும். தங்கினால், கருவிலிருந்து வரும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் மஞ்சள் உடலத்தை வாழவைக்கும். சிறுநீர்ச் சோதனை அட்டையில் இரண்டாம் கோடாகத் தெரிவது இந்த எச்.சி.ஜி.தான்.

மஞ்சள் உடலத்துக்குப் பெயரிட்டவர் 17ஆம் நூற்றாண்டின் இத்தாலிய மருத்துவர் மல்பீகி. அது எதற்காக இருக்கிறது என்பது 200 ஆண்டுகளுக்கு மேல் விளங்கவில்லை. கரு பதிய அது வேண்டும் என்று ஊகித்த பெருமை பிரெஸ்லாவின் குஸ்தாவ் போர்னுக்குரியது. 1900இல் அவர் இறந்தபின், மாணவர் லுத்விக் ஃபிரெங்கல் முயல்களின் மஞ்சள் உடலங்களைச் சுட்டழித்துப் பார்த்தார், கர்ப்பம் நிலைக்கவில்லை. 1929இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும், சூலகம் நீக்கிய முயல்களுக்குப் பன்றியின் மஞ்சள் உடலச் சாற்றைச் செலுத்திக் கருவைக் காப்பாற்றினர். ஐயத்துக்கு இடமில்லாமல் செய்தது இந்த அழகிய சோதனையே. 1934இல் வேதியியலாளர் புட்டெனான்ட் 50,000 பன்றிகளின் சூலகங்களிலிருந்து பிரித்தெடுத்த தூய ஹார்மோன் 20 மில்லிகிராம் மட்டுமே. 1940களில் வேதியியலாளர் ரஸ்ஸல் மார்க்கர், மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலுள்ள டயோஸ்ஜெனின் என்ற வேதிப்பொருளிலிருந்து புரோஜெஸ்டிரோனைக் கிலோக் கணக்கில் செய்துகாட்டினார். பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆய்வு நிறுவனமும் டயோஸ்ஜெனினுக்கென்றே ‘அர்கா உப்கார்’ என்ற கிழங்கு வகையை வெளியிட்டது. கிழங்கைத் தின்றால் உடலில் ஹார்மோன் அதிகரிக்காது. டயோஸ்ஜெனின் புரோஜெஸ்டிரோனாக மாறுவது ஆய்வுக்கூடத்தில்தான் நடக்கும்.

பெண்ணுக்கு மஞ்சள் உடலம் எத்தனை நாள் தேவை? 1970களில் ஆய்வாளர் ஆர்பாட் சாப்போ கண்டது: 7ஆம் வாரத்துக்கு முன் அகற்றினால் கரு கலையும், 9ஆம் வாரத்துக்குப் பின் கலையாது. அதற்குள் நஞ்சுக்கொடி சுரப்பை ஏற்றுக்கொள்கிறது. இதைக் கால்நடைகளைக் கொண்டும் விளக்கலாம். பசுவுக்கு மஞ்சள் உடலம் சுமார் 200 நாள் வேண்டும்; வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் முழுதும். சினை பிடிக்காத பசுவின் சூலகத்தைக் கால்நடை மருத்துவர் கைவிட்டுத் தடவித் தேடுவதும் மஞ்சள் உடலத்தைத்தான்.

மருந்தாக: 4,153 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வின்படி, முன்பு கருக்கலைந்து இப்போது உதிரப்போக்கும் காண்பவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் பயன் தரக்கூடும். உதிரப்போக்கில்லாத எல்லாருக்கும் எழுதித் தரத் தேவையில்லை.