லஸ் கார்னரில் ஒரு பெண்ணின் பெயர்

திருவான்மியூரில் பஸ் ஏறி "லஸ் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்க ஆரம்பித்து எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கும். அது ஒரு பெண்ணின் பெயரும்கூட என்று தெரிந்தது சமீபத்தில்தான். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பாட்டி, அம்மா தலைமுறையில் சாதாரணமாகக் கேட்கிற பெயர். உச்சரிப்பு 'லூஸ்'. ஸ்பெயினின் பெரும்பகுதியில் கடைசி எழுத்துக்கு நாக்கு பல்லைத் தொடும். அர்த்தம், வெளிச்சம்.

நம்ம லஸ் ஸ்பானிஷ்காரர்கள் வைத்ததில்லை, போர்த்துகீசியர் வைத்தது. இரண்டு மொழியிலும் வார்த்தை ஒன்றேதான். கடலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகளுக்குக் கரையில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம், அதைப் பின்தொடர்ந்து வந்து, அது மறைந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டினார்களாம். கோயில் கல்வெட்டு 1516 என்கிறது. போர்த்துகீசியர் சாந்தோமில் நிலைகொண்டதே 1520களில்தான் என்பதால் அந்த ஆண்டை எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்வதில்லை. எப்படியும் சென்னையின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. அன்றைக்குச் சுற்றிலும் காடு, அதனால் ஊர் ஜனங்களுக்கு அது காட்டுக்கோயில். தமிழில் முறையான பெயர் பிரகாச மாதா ஆலயம்.

'லூஸ்' எப்படி 'லஸ்' ஆச்சு? இங்கிலீஷ் எழுத்தை 'பஸ்' மாதிரி படித்ததால் இருக்கும் என்பது என் ஊகம். நல்லதாப் போச்சு, இல்லேன்னா 'லூஸ் கார்னர்' என்று போர்டு வைக்க வேண்டியிருந்திருக்கும்!

ஸ்பானிஷ் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெண் குழந்தைக்கு மாதாவின் ஏதாவது ஒரு பட்டத்தைச் சேர்த்துப் பெயர் வைப்பார்கள். முழுப்பெயர் 'மரியா தே லா லூஸ்', அதாவது வெளிச்சத்தின் மரியா. கூப்பிடும்போது மரியா உதிர்ந்துபோய் லூஸ் மட்டும் நிற்கும். மெக்சிகோவில் செல்லமாக 'லூச்சா'. அங்கே பெரும்புகழ் பெற்ற பாடகி லூச்சா ரேயெஸின் (1906–1944) இயற்பெயர் மரியா தே லா லூஸ்தான்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நம்மூர்ப் பெயர்கள்தான் ஞாபகம் வந்தது. டோலோரெஸ் என்றால் துயரங்கள், நம்மிடம் வியாகுலமேரி. அம்பாரோ என்றால் அடைக்கலம், நம்மிடம் அடைக்கலமேரி. சொகோர்ரோ சகாயமேரி. ரொசாரியோ ஜெபமாலை. சலூத் என்றால் ஆரோக்கியம், அதற்கு வேளாங்கண்ணி இருக்கும்போது விளக்கமே வேண்டாம். (மருந்தீஸ்வரர் கோயில் பக்கத்திலேயே வளர்ந்தவனுக்கு, சாமியிடம் ஆரோக்கியம் கேட்பது புதுசும் இல்லை.) ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எழுதியதில்லை. இரண்டு பக்கமும் அதே பட்டங்களை எடுத்துக்கொண்டு, ஓசையை விட்டு அர்த்தத்தை வைத்துக்கொண்டார்கள். லூர்து மட்டும் விதிவிலக்கு. பிரெஞ்சு ஊர்ப் பெயர், அர்த்தம் பார்க்காமல் அப்படியே லூர்துமேரி, லூர்துசாமி என்று வந்துவிட்டது.

ஆனால் இந்த மாதிரி பெயர்களுக்கு இப்போது அங்கேயும் மவுசு இல்லை. எந்த அப்பா அம்மா பிறந்த குழந்தைக்குத் 'துயரங்கள்' என்று பெயர் வைப்பார்கள்? லூஸும் டோலோரெஸும் வயதானவர்கள் பெயராகிக்கொண்டிருக்க, அதே வெளிச்சத்திலிருந்து பிறந்த இன்னொரு பெயர் கொடிகட்டிப் பறக்கிறது: லூசியா. 2003இலிருந்து பல வருஷம் ஸ்பெயினில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் அதுதான்.

என் வகுப்பிலும் ஒரு லூசியா இருந்தாள். டிசம்பர் 13, லூசியா திருநாளில் பிறந்ததால் அந்தப் பெயர். வீட்டில் லூசி. ஸ்கூலில் என்னவாக இருந்தாள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவள் பெயர் வந்தால் பின் பெஞ்சிலிருந்து சத்தம் வரும். பத்தாவது பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்தபோது அவள் அப்பா வந்து வேறு பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பின் பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தேன்.