திரும்பச் சொல்லும் பெட்டி: மலை, அலை, உரிமை

நிலத்தின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்குக் காற்றின் வரலாறு நம்மிடம் எழுதப்படவில்லை. யார் நிலம், யார் உழுதார், யார் பிடுங்கினார் என்று கேட்கத் தெரிந்த நாம், தலைக்கு மேலே போகும் அலை யாருடையது என்று கேட்பதில்லை. அதெல்லாம் விஞ்ஞானிகள் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். அதிகாரம் ஒருநாளும் அப்படி விட்டதில்லை. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்தியை அரசின் தனியுரிமை ஆக்கியது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இன்னொரு படி மேலே போனது. பேசினால்தான் குற்றம் என்றில்லை. உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருந்தாலே குற்றம். மௌனமாக இருக்கிற ஒரு பெட்டியைக்கூட அரசால் சகித்துக்கொள்ள முடியவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் ஒலிபரப்பைத் தொடங்கியது அரசு அல்ல. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவானது. ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பும் தொடங்கியது. 1927இல் பணமில்லாமல் நின்றுபோனது. கருவிகள் மாநகராட்சிக்குப் போயின. மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது. 1938இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. ஆர்வலர்கள் கட்டியதை அதிகாரம் எடுத்துக்கொண்டது. ஆர்வலர்களுக்குத் திரும்பி வந்தது, அதிகாரம் கழித்துப்போட்ட ஓட்டை உடைசல்.

இது வெறும் வசனம் அல்ல. 1939இல் யுத்தம் தொடங்கியதும் அமெச்சூர் உரிமங்கள் பறிக்கப்பட்டன, கருவிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். 1942 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய ரகசியக் காங்கிரஸ் ரேடியோ அந்தத் தடையின் மீது விழுந்த அடி. யுத்தம் முடிந்தபின் ராணுவத்தின் உபரிச் சாமான்கள் கடைத்தெருவுக்கு வந்தன. குண்டு போடப் போன விமானத்தில் இருந்த ரிசீவர், யாரோ ஒரு ஆசாமியின் மேஜையில் ஊர்க்கதை கேட்க உட்கார்ந்தது. அமெரிக்காவில் 1960களில் இதே கதை வேறு விதமாக நடந்தது. அங்கே அலைவரிசைகளை நெருக்கி அடுக்கும் விதி வந்தபோது டாக்ஸி கம்பெனிகளும் போலீஸ் துறைகளும் பழைய எஃப்.எம். செட்டுகளைத் தூக்கிப்போட்டன. ஹாம்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போய் மலை உச்சிகளில் ரிப்பீட்டர் கட்டினார்கள்.

ரிப்பீட்டர் என்றால் என்ன? கேட்டதை அப்படியே திரும்பச் சொல்லும் பெட்டி. கைக்கருவியின் சக்தி ஐந்து வாட்தான். அந்த அலைக்கு மலை வளைந்து போகத் தெரியாது, நேர்க்கோட்டில்தான் போகும். பள்ளத்தில் நிற்பவன் குரல் அடுத்த பள்ளத்துக்குக் கேட்காது. உச்சியில் ஒரு பெட்டி வைத்தால் அது இரண்டு பள்ளத்தையும் பார்க்கும். இங்கே அமெச்சூர்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கீடு. வர்த்தக, போலீஸ் செட்டுகள் பல 136 முதல் 174 வரை வேலை செய்பவை. ஆகவே கழித்த செட் இரண்டு போதும்: ஒன்று கேட்க, மற்றொன்று பேச. பழசு என்றால் கிறிஸ்டலை மாற்ற வேண்டும், கொஞ்சம் புதுசு என்றால் புரோகிராம் செய்ய வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கேட்கும் அலைவரிசைக்கும் பேசும் அலைவரிசைக்கும் இடையே 600 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரே ஆண்டெனாவில் இரண்டையும் மாட்டினால், பெட்டி பேசும்போது அதன் குரலே அதன் காதை அடைத்துவிடும். தூரத்து மெல்லிய குரல் அதற்குக் கேட்காது. இதற்காகத்தான் டூப்ளெக்சர் என்று உலோக உருளைகளை வரிசையாக வைத்து, மயிரிழை மயிரிழையாகத் திருகி, சொந்தக் குரலைக் காதுக்கு வரவிடாமல் வடிகட்டுகிறார்கள். எளியவர்களுக்காகப் பேசுகிறோம் என்று கிளம்பும் நம் எழுத்துக்காரர்களிடம் இந்த உருளை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பிரதிநிதித்துவம் பற்றி நாம் பக்கம் பக்கமாக விவாதித்த பிரச்சனையை ஒரு மெக்கானிக் ஸ்பேனரோடு உட்கார்ந்து தீர்க்கிறான்.

அதோடு முடிந்ததா? காரில் வைக்கிற செட் விட்டுவிட்டுப் பேசத்தான் செய்யப்பட்டது. ரிப்பீட்டரில் மணிக்கணக்கில் பேசினால் சூடேறிச் செத்துப்போகும். சக்தியைப் பாதியாகக் குறைத்து, விசிறி போட்டு, யாராவது பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டால் தானாக வாய் மூடும்படி டைமர் வைக்க வேண்டும். இடிதாங்கிக்கு எர்த் இறக்க வேண்டும். மழைநீர் கேபிள் முனையில் இறங்கும். பேட்டரி வற்றும். ஒருத்தன் திரும்பத் திரும்ப மலை ஏற வேண்டும். வரலாறு தொடக்க விழாவை எழுதுகிறது. மழைக்காலத்தில் மலை ஏறியவனை எழுதுவதில்லை.

சரி, கல்வராயன் மலைக்கு வருவோம். எங்கள் கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால் மேற்கே அதுதான் அடிவானம். பெரிய கல்வராயன் சுமார் நாலாயிரம் அடி. அந்த உயரத்தில் ஒரு ஆண்டெனா நின்றால் கணக்குப்படி நூறு கிலோமீட்டருக்கு மேல் எட்டும். ஆனால் இந்த மலையின் வரலாறு, எட்டாமல் வைக்கப்பட்ட வரலாறு. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த மலையாளிப் பழங்குடிகள், நாடு சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது ஆண்டு கழித்து, 1976இல்தான் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தார்கள். அப்போது நெருக்கடி நிலை. ஊரெல்லாம் வாயடைக்கப்பட்ட காலத்தில் இவர்களுக்கு விடுதலை! பக்கத்துச் சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி 1992இல் சூறையாடப்பட்டது. 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆனது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபின், மலை மக்களின் நிலையை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மலையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மலை பேச வழி?

வயர்லெஸ் என்றாலே சந்தேகம் என்பதற்குத் தமிழ்நாட்டில் தனி வரலாறு உண்டு. 1986 நவம்பரில் பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தது, பறிக்கப்பட்ட தொலைத்தொடர்புக் கருவிகளைத் திரும்பக் கேட்டுத்தான். ஒரு இயக்கத்துக்குத் துப்பாக்கி போலவே குரலும் உயிர் என்று அரசுக்கும் தெரியும், இயக்கத்துக்கும் தெரியும். அதே பத்தாண்டில் ராஜீவ் காந்தி உரிமம் பெற்ற ஹாம். நாற்காலியில் இருப்பவன் வைத்தால் பொழுதுபோக்கு, மலையில் இருப்பவன் வைத்தால் சதி.

அமெச்சூர் விதிகளின் நுண் அரசியலையும் பார்க்க வேண்டும். அரசியல் பேசக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, மூன்றாம் நபருக்காகச் செய்தி சொல்லக் கூடாது. பேரிடர் வந்தால் மட்டும் விலக்கு. 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் துண்டித்தபோது, அங்கே போயிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும்தான் உறவினர்களின் செய்தியைக் கரைக்குக் கடத்தினார்கள். அப்படியானால் பேரிடர் என்று எதைச் சொல்கிறோம்? பிரசவ வலியில் இருப்பவளைத் தொட்டில் கட்டித் தூக்கி இறக்கும் கிராமத்துக்கு அன்றாடமே பேரிடர்தானே?

1995இல் உச்சநீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்றது. 2023இல் நாடாளுமன்றம் பழைய இரண்டு சட்டங்களின் இடத்தில் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள் சார்பில் மத்திய அரசே அலைக்கற்றையின் உரிமையாளர் என்கிறது அது. 'சார்பில்' என்ற சொல்லை மலைக்காரர்கள் அறிவார்கள். ஜாகீர்தாரும் அவர்கள் சார்பில்தான் மலையை வைத்திருந்தார்.

ரிப்பீட்டர் புரட்சி செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கொட்டகையின் சாவி யாரிடம் என்பதுதான் அதன் அரசியல். சமவெளிக்காரர்கள் மலையை வெறும் உயரமாகப் பாவித்துத் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பெட்டி வைத்துவிட்டு இறங்கினால், அதுவும் இன்னொரு ஜாகீர்தான். துறைகள் டிஜிட்டலுக்கு மாறும்போது பழைய செட்டுகள் ஏலத்துக்கு வருகின்றன. பன்னிரண்டு வயது நிறைந்தால் உரிமத் தேர்வு எழுதலாம். வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. மலையைப் பற்றி அடுத்த கருத்தரங்கம் நடத்தப்போகிறவர்கள், அதற்கு ஆகும் செலவில் பத்துப் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தலாம். டூப்ளெக்சரைத் திருக அவர்களே கற்றுக்கொள்ளட்டும், சாவியும் அவர்களிடமே இருக்கட்டும்.