கீலி மோட்டார்

கீலி மோட்டார் என்பது நிலக்கரியோ வேறு எரிபொருளோ இல்லாமல் ஓடும் என்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரைச் சேர்ந்த ஜான் வோரல் கீலி (இறப்பு 1898) அறிவித்த இயந்திரம். கால் நூற்றாண்டுக் காலம் அதன் பெயரில் பங்குகள் விற்கப்பட்டன. இயந்திரம் ஒன்றுகூட விற்பனைக்கு வரவில்லை. இலவச ஆற்றல் என்ற பெயரில் எழுந்த உரிமைகோரல்களின் உள்நோக்கம் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் முதலில் எடுத்துக்காட்டப்படுவது இதுதான்.

கீலி முறையான அறிவியல் கல்வி பெற்றவரல்லர். தச்சு, இயந்திரப் பழுது எனப் பல கைத்தொழில்கள் பார்த்தவர். தண்ணீரிலிருந்து புதுவகை ஆற்றலை விடுவிக்கும் முறையைக் கண்டுவிட்டதாக 1870களின் தொடக்கத்தில் சொன்னார். நியூயார்க், ஃபிலடெல்ஃபியா செல்வர்கள் பணம் போட, கீலி மோட்டார் கம்பெனி தொடங்கியது. முதலில் நீராவி போன்ற ஏதோ ஒன்று என்றார். பிறகு அது, வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அன்று கருதப்பட்ட ஈதரின் ஆற்றல் ஆனது. அதன்பின் அதிர்வுகளின் ஒத்திசைவு ஆனது. இசைக்கவையைத் தட்டியும் வயலின் வாசித்தும் இயந்திரத்தைக் கிளப்பிக் காட்டினார். கம்பி முறுகினாலும் இரும்புச் சட்டம் வளைந்தாலும் பார்வையாளர்கள் மலைத்துப்போனார்கள். விளக்கம் மாறிக்கொண்டே இருந்தது. மாறாதது, இன்னும் கொஞ்ச நாளில் முடிந்துவிடும் என்ற வாக்குறுதி மட்டுமே.

கீலிக்கு முன்பே ஃபிலடெல்ஃபியாவில் 1812இல் சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர் ஓயா இயக்கப் பொறி ஒன்றைக் காட்டிக் கட்டணம் வாங்கியிருந்தார். அவர் நியூயார்க்கிலும் கடைவிரித்தபோது, நீராவிக் கப்பல் புகழ் ராபர்ட் ஃபுல்டன் ஒரு பலகையைப் பெயர்த்தார். அங்கிருந்து ஓடிய நரம்புக் கயிற்றின் மறுமுனையில், மாடத்தில் ஒருவர் உட்கார்ந்து கையால் சுற்றிக்கொண்டிருந்தார். ரெட்ஹெஃபரின் நோக்கம் டிக்கெட் காசோடு நின்றது. கீலியின் நோக்கத்தை அவ்வளவு எளிதாகத் தீர்மானிக்க முடியாது. கையில் வந்த பணத்தில் பெரும்பங்கைப் புதுப்புதுக் கருவிகள் செய்வதில் செலவழித்தவர் அவர். ஆகவே அவர் தன்னையே ஏமாற்றிக்கொண்டவர் என்று வாதிட இடம் இருந்தது.

ஐயத்தை வளர்த்தது அவர் செய்யாதவைதான். காப்புரிமை பெற்று முறையை வெளியிடச் சொன்ன பங்குதாரர்களுக்குப் பிடிகொடுக்கவில்லை. தன்மீது தொடரப்பட்ட வழக்கில் ரகசியத்தை வெளியிட மறுத்து, 1888இல் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சில நாள் சிறையில் இருந்தார். 1884இல் சாண்டி ஹுக் என்ற இடத்தில் ராணுவ அதிகாரிகள் முன் தன் புது ஆற்றலால் துப்பாக்கி ஒன்றைச் சுட்டுக் காட்டியபோது, அழுத்தப்பட்ட காற்றே இதற்குப் போதும் என்று ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழ் எழுதியது. அசைவற்றுக் கிடக்கும் தண்ணீரிலிருந்து செலவில்லாமல் ஆற்றல் கறப்பது ஆற்றல் அழியாமை விதிக்கே முரண் என்பது அன்றைய இயற்பியலாளர்கள் அறிந்ததே.

பங்குதாரர்கள் பொறுமை இழந்தபோது கைகொடுத்தவர், காகித ஆலை அதிபரின் விதவையான கிளாரா ஜெஸ்ஸப் புளூம்ஃபீல்ட் மூர். அவர் பெருந்தொகை தந்தார். மாதந்தோறும் சம்பளமும் கொடுத்தார். 1893இல் கீலியைப் போற்றி நூலே எழுதினார். பின்னாளில் அவருக்கும் ஐயம் தட்டி, உதவி சுருங்கியது.

கீலி 1898 நவம்பரில் இறந்தார். கிளாரா மூரின் மகன் கிளாரன்ஸ், கீலி ஆய்வுக்கூடமாக வைத்திருந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, பேராசிரியர்களையும் செய்தியாளர்களையும் கூட்டிவந்து தரையைப் பெயர்த்தார். நிலவறையில் சுமார் 3 டன் எடையுள்ள எஃகுக் கோளம் இருந்தது. அழுத்தப்பட்ட காற்றைச் சேமிக்கும் கலம் அது என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் குழாய்கள் ஓடின. மேல்தளத்து இயந்திரங்களுக்கு நிலவறை நீர் மோட்டாரிலிருந்து பட்டைகள் சென்றதாகவும், காலால் அழுத்தி இயக்க வசதி இருந்ததாகவும் பத்திரிகைகள் எழுதின.

கீலியின் அன்பர்கள் இப்போது எதிர்த்தரப்பின் நோக்கத்தைக் கிளறினார்கள். தாயின் பணம் கீலிக்குப் போனது பிடிக்காத மகன், நடுநிலையாகவா சோதனை செய்திருப்பார் என்று கேட்டார்கள். கோளமோ, கைவிடப்பட்ட பழைய சோதனை ஒன்றின் மிச்சம் என்றார்கள். தரைக்கடியில் பட்டைகள் எதற்கு என்பதற்குத்தான் அவர்களிடம் தெளிவான பதில் இல்லை.