இருட்டறையில் எத்தனை பேர்?

'கல்கத்தா இருட்டறைத் துயரம்' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 1756 ஜூன் 20 இரவு, வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா 146 பேரை ஒரு சிறிய அறையில் அடைத்தார், விடிவதற்குள் 123 பேர் மூச்சுமுட்டி இறந்தார்கள். பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்த ஒரு வரியில் எது தகவல், எது கருத்து?

வங்கியில் நாங்கள் பேரேட்டில் ஒரு தொகையைப் பார்த்தால் வவுச்சர் எங்கே என்று கேட்போம். இந்த 146-க்கு வவுச்சர், ஹால்வெல் என்ற கம்பெனி அதிகாரி எழுதிய கடிதம். உயிர் பிழைத்தவர்களில் அவரும் ஒருவர். எழுதியது 1757 பிப்ரவரியில், இங்கிலாந்து போகும் கப்பலில். அதாவது எட்டு மாதம் கழித்து. கவர்னர் டிரேக் கப்பலேறித் தப்பிய பிறகு கோட்டையைக் காத்து நின்றவரும் இதே ஹால்வெல்தான். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசியம் அவருக்கு இருந்திருக்கும். (கடைசி வாக்கியம் என் ஊகம், கவனியுங்கள்!)

அறை சுமார் 18 அடிக்கு 18 அடி என்கிறார். 324 சதுர அடி. 146-ஆல் வகுத்தால் ஆளுக்கு 2.2 சதுர அடி. நெருக்கியடித்து நிற்கலாம், உட்கார முடியாது. இது சந்தேகத்தைக் கிளப்பும் கணக்கு. பொய் என்று நிரூபிக்கும் கணக்கு இல்லை.

1916-இல் ஜே.எச். லிட்டில் முழுக்கதையுமே புரட்டு என்றார். 1959-இல் பிரிஜேன் குப்தா ஆவணங்களை ஒப்பிட்டு, ஏறக்குறைய 64 பேர் அடைக்கப்பட்டு 21 பேர் பிழைத்திருக்கலாம் என்றார். ஆக, கைதிகள் அடைக்கப்பட்டதும் பலர் இறந்ததும் தகவல். எத்தனை பேர் என்பது மதிப்பீடு. 'நவாபின் கொடூரம்' என்பது கருத்து.

வேடிக்கை என்னவென்றால், அன்றிரவு கைதிகளைப் பத்திரமாக வைக்கும்படி பொதுவாகத்தான் நவாப் உத்தரவிட்டார், மற்றது கீழ்நிலை ஜமேதார்களின் பழிவாங்கல் என்று ஹால்வெல்லே எழுதியிருக்கிறார். 1840-இல் மெக்காலே கிளைவ் பற்றி எழுதிய கட்டுரை இந்தச் சம்பவத்தை உணர்ச்சி பொங்கச் சொல்லிப் பரப்பியது. படித்தவர்கள் மனதில் தங்கியது அந்த உணர்ச்சிதான், ஹால்வெல்லின் வரி இல்லை.

கருத்துக்கு எவ்வளவு பலம் பாருங்கள். 1902-இல் கர்சன் பிரபு இறந்தவர்களுக்கு டல்ஹௌசி சதுக்கத்தில் நினைவுச்சின்னம் எழுப்பினார். 1940-இல் அதை அகற்றச் சொல்லி சுபாஷ் சந்திர போஸ் போராட்டம் அறிவித்தார், கைதானார். சின்னம் அதே ஆண்டு இடம் மாறியது. இன்று செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் நிற்கிறது. கொல்கத்தா வந்தால் பார்க்கலாம்.

அந்த இரவில் செத்தவர்கள் நிஜ மனிதர்கள். 'எல்லாம் கட்டுக்கதை' என்று தள்ளுவதும் அவர்களுக்குச் செய்யும் அநியாயம்தான். ஒரு நவாப் மேல் ஆதாரத்தை மீறிப் பழி போடுவதும் அநியாயம்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இதைப் பற்றி ப்ராஜெக்ட் எழுதினால், '123 பேர் இறந்தனர்' என்று எழுத விடாதீர்கள். 'ஹால்வெல் கணக்குப்படி 123 பேர்' என்று எழுதச் சொல்லுங்கள். கூடுதலாக இரண்டே சொல்.